களத்துப் பெண்கள் ஏன் மறுத்தார்கள்?

கேள்வியை முதலில் படி, பாசேஜை அப்புறம் பார். பத்தாம் வகுப்பு டியூஷனில் எனக்குச் சொல்லித் தந்த வழி இது. கேள்வியில் இருக்கிற பெரிய வார்த்தையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த வார்த்தை பாசேஜில் எந்த வரியில் வருகிறதோ, அந்த வரியை முற்றுப்புள்ளி வரைக்கும் அப்படியே எழுதிவிட வேண்டும். 'நான்' என்று இருந்தால் 'அவர்' என்று மாற்றிக்கொள்ளலாம். பாசேஜ் திமிங்கிலத்தைப் பற்றியதா தீப்பெட்டியைப் பற்றியதா என்றுகூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பத்து, பன்னிரண்டு, பி.ஏ., எம்.ஏ. எல்லாவற்றையும் நான் இப்படித்தான் தாண்டினேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். அப்பா மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறார். அம்மா அதே மில்லில், அவித்த நெல்லைக் காயவைக்கிற களத்தில் வேலை செய்கிறாள். நான் படித்தது எனக்குப் புரிந்ததா என்று கேட்க அந்த வீட்டில் ஆள் கிடையாது. பாஸா என்று கேட்பார்கள். பாஸ் என்பேன். அன்றைக்குக் கறி எடுப்பார்கள்.

பிறகு திருச்சியில் ஒரு கல்லூரியில் ஒப்பந்தத்தில் கௌரவ விரிவுரையாளர் வேலை கிடைத்தது. ஸ்ரீரங்கத்தில், வடக்குப் பக்கத்து வீதி ஒன்றில் மாடி அறை. நல்ல பாடங்களையெல்லாம் மூத்தவர்கள் எடுத்துக்கொண்டது போக, மிச்சமிருந்த ஒரு தாள் எனக்கு வந்தது. படித்துப் புரிந்துகொள்வது, சுயமாகச் சிந்திப்பது என்று இரண்டு திறன்களையும் சேர்த்துத் தலைப்பு வைத்திருந்தார்கள். புதன்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வகுப்பு. இளங்கலை இரண்டாம் ஆண்டு. அறுபது பேரில் முக்கால்வாசிப் பேர் என்னைப் போலவே வீட்டின் முதல் பட்டதாரி ஆகப்போகிறவர்கள்.

எனக்கு அவர்கள்மேல் உண்மையான அக்கறை இருந்தது. அதனாலேயே எனக்குத் தெரிந்த ஒரே வழியை முதல் நாளே போர்டில் எழுதிப் போட்டேன். கேள்வி, வார்த்தை, வரி என்று மூன்று கட்டம் வரைந்து அம்புக்குறி போட்டேன். பின் பெஞ்சில் ஒருவன், "சார், அப்ப பாசேஜப் படிக்கவே வேணாமா?" என்றான்.

"டைம் இருந்தா படி."

"டைம் இருந்தாலும் படிக்க மாட்டான் சார்," என்றான் பக்கத்தில் இருந்தவன். நான் உட்பட எல்லோரும் சிரித்தோம். நன்றாகத்தான் ஆரம்பித்தது.

இன்டர்னல் தேர்வுக்கு, துறையில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருந்த பயிற்சிப் புத்தகத்திலிருந்து ஒரு பாசேஜைப் போட்டேன். ஆங்கிலத்தில் அரைப் பக்கம். விஷயம் இதுதான்: ஒரு ஊரில் நிறைய அரிசி மில்கள். நெல் காய்ந்துவிட்டதா என்று பார்க்க, களத்தில் வேலை செய்யும் பெண்கள் நெல்லை உமி நீக்கிப் பல்லில் கடித்துப் பார்க்கிறார்கள். ஒரு குழு வந்து, ஈரத்தை அளக்கும் சின்ன மெஷின் ஒன்றைக் கொடுத்துப் பயன்படுத்தச் சொல்கிறது. பெண்கள் வாங்க மறுக்கிறார்கள். புதியதைக் கண்டு அஞ்சுவதால் மறுத்தார்கள் என்று குழு தன் அறிக்கையில் எழுதுகிறது. கடைசியில் கேள்வி: பெண்கள் ஏன் மறுத்தார்கள்? இரண்டு மதிப்பெண். விடைக்குறிப்பில் இருந்தது: புதியதைக் கண்டு அஞ்சியதால்.

அந்த விடைத்தாள்களை ஸ்ரீரங்கத்து அறையில், சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்து திருத்தினேன். எனக்கு வாய்விட்டுப் படிக்கிற பழக்கம். கீழ் வீட்டு மாமி காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்கு வந்தவர் வாசலில் நின்று கேட்டார்:

"என்ன பாராயணமா? ஒரே வரியவே அரை மணியா சொல்லிண்டிருக்கேளே."

"இல்ல மாமி, பேப்பர் திருத்தறேன். எல்லாரும் அதையேதான் எழுதியிருக்காங்க."

"எல்லாரும் ஒண்ணையே எழுதினா நன்னா சொல்லிக் குடுத்திருக்கேள்னு அர்த்தம்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைப்பானேன்.

பாதிக் கட்டு முடிந்தபோது ஒரு தாளில் வரி வேறாக இருந்தது. உடைந்த ஆங்கிலம். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'பயந்தார்கள் என்று குழு சொல்கிறது. பெண்கள் யாரும் இந்தப் பாசேஜில் பேசவில்லை. அதனால் ஏன் மறுத்தார்கள் என்று நமக்குத் தெரியாது.'

ஒரு நொடி பேனா நின்றது. அந்த ஒரு நொடிதான் எனக்கு வாய்த்தது. அதற்குள் விடைக்குறிப்பைப் பார்த்துவிட்டேன். 'அஞ்சி' என்ற வார்த்தைக்கு ஈடான சொல் அந்தத் தாளில் இருந்தது, ஆனால் பதிலாக இல்லை. பூஜ்யம் போட்டுச் சுற்றி வட்டம் போட்டேன்.

அடுத்த புதன்கிழமை தாள்களைக் கொடுத்தேன். அந்த வேறு வரியை எழுதிய பெண் எழுந்து நின்றாள். தென்னூரிலிருந்து வருகிறவள். மூன்றாவது வரிசை, சுவரோரம். அதுவரை அவள் குரலை நான் கேட்டதில்லை.

"சார், நான் தப்பா எழுதலையே."

"கேள்விக்குப் பதில் பாசேஜ்ல இருக்கும்மா. நாலாவது வரி. பாரு."

"பார்த்தேன் சார். பயம்னு சொல்றது அந்தக் குழு. அந்தம்மாங்க வாயே தொறக்கலையே சார். அவங்கள யாரும் கேக்கவே இல்ல."

வகுப்பில் சலசலப்பு. அவள் நிறுத்தவில்லை.

"எங்க வீட்லயும் இப்படித்தான் சார். அவ பயப்படறா, அவளுக்கு இஷ்டமில்லன்னு பெரியப்பாவே சொல்லிடுவாரு. நான் பக்கத்து ரூம்லதான் இருப்பேன்."

"போய் ஒரு பேட்டி எடுத்துட்டு வந்துரு," என்றான் பின் பெஞ்சுக்காரன்.

சிரிப்பு எழும்பியது. அதை அடக்குவது என் வேலை. நான் அதில் ஏறிக்கொண்டேன்.

"அடுத்த தடவ அந்தக் குழுவோட உன்னையே அனுப்பறோம்மா. கேட்டுட்டு வந்து எங்களுக்குச் சொல்லு."

அவளைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். மின்விசிறிச் சத்தத்தை மூடுகிற அளவுக்குச் சிரிப்பு. அவள் தாளை நான்காக மடித்தாள். உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு அவள் கேள்வி கேட்கவில்லை. இரண்டாவது இன்டர்னலில் அவளுடைய எல்லாப் பதில்களும் பாசேஜின் வரிகள், ஒரு கமாகூட மாறாமல். முழு மதிப்பெண். போர்டில் நான் வரைந்த மூன்று கட்டத்துக்குள் அவளும் வந்துவிட்டாள். மதிப்பெண்ணை எழுதிவிட்டு, அந்தத் தாளை மட்டும் கட்டில் சேர்க்காமல் தனியாக எடுத்து வைத்தேன். ஒருத்தி தோற்றால் வாத்தியாருக்கு வருத்தம் வரும், அது தெரியும். ஒருத்தி முழு மதிப்பெண் வாங்கி எனக்கு வருத்தம் வந்தது அதுதான் முதல் முறை.

'அவங்கள யாரும் கேக்கவே இல்ல.' அந்த வாக்கியம் என்னோடு பஸ் ஏறத் தொடங்கியது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது, காவிரிப் பாலத்தில் பஸ் ஊரும்போது, ஸ்ரீரங்கத்து வெள்ளைக் கோபுரம் பக்கம் டீ குடிக்கும்போது, பின்னாலிருந்து யாரோ சொல்வதுபோல் அது வரும். கூடவே அந்தச் சிரிப்பும் வரும். அதில் என் குரலை மட்டும் தனியாகப் பிரித்துக் கேட்க முடிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். மில்லில் லோடு வந்திருந்ததால் அம்மாவுக்கு அன்றைக்கும் வேலை. சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனேன். சிமெண்ட் களம் முழுக்க அவித்த நெல், அதன் புளித்த ஆவி வாசம். காலால் வரிவரியாக நெல்லைக் கிளறிக்கொண்டே நடந்த அம்மா, குனிந்து நாலு மணி எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து உமியை ஊதிவிட்டு, ஒரு அரிசியைக் கடித்தாள். தலையை ஆட்டினாள். இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம்.

சின்ன வயதிலிருந்து இதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அந்தப் பாசேஜைத் தேர்ந்தெடுத்தபோதும், அச்சுக்குக் கொடுத்தபோதும், அறுபது தாளைத் திருத்தியபோதும் எனக்கு என் அம்மா நினைவு வரவில்லை. பாசேஜில் இருந்த பெண்கள் ஆங்கிலத்தில் இருந்தார்கள். அம்மாவை நான் ஆங்கிலத்தில் பார்த்ததே இல்லை.

சாப்பிடும்போது கேட்டேன். "ஏம்மா, ஈரம் பாக்கற மெஷினுன்னு ஏதாச்சும் இங்க வந்துச்சா?"

"வந்துச்சே. நீ காலேஜு சேந்த வருசம். டப்பா மாதிரி இருக்கும். நெல்ல உள்ள போட்டு அமுக்கினா நம்பரு காட்டும்."

"நீங்க வாங்கிக்கலையா?"

"வேணாம்னுட்டோம்."

"ஏன்?"

அம்மா சோற்றைப் பிசைந்தபடி என்னைப் பார்த்தாள். "இப்ப எதுக்கு அது?"

"சும்மாதான். பயமா?"

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தை முறையுள்ளவர், "டப்பாவுக்கா பயப்படுவோம்? உங்க அப்பனுக்கே பயப்பட்டதில்ல உங்கம்மா," என்றார். அம்மா அவரை முழங்கையால் இடித்துவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு அடங்கின பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"டப்பா ஒண்ணும் இல்லப்பா. கூடவே ஒரு நோட்டு குடுத்தாங்க. ரெண்டு மணிக்கொருக்கா பாத்து, மணி, நம்பரு, பேரு எல்லாம் எழுதி கையெழுத்துப் போடணுமாம். நாங்க பதினோரு பேரு. ஒருத்திக்கும் எழுத வராது. அந்தப் பேன்ட் சட்டைக்காரவுக முன்னாடி அதப் போயி சொல்லிட்டு நிக்கவா? எங்களுக்கு ஒத்து வராதுங்கய்யா, பல்லே போதும்னுட்டோம்."

"ஏன்னு அவங்க கேக்கலையா?"

"கேட்டா சொல்லியிருப்பமோ என்னமோ. கேக்கல."

"என்கிட்ட சொல்லியிருந்தா நான் எழுதித் தந்திருப்பேனே."

"நீ களத்துல வந்து ஒக்காந்துருப்பியா?" என்றாள். கொஞ்சம் கழித்து, "காலேஜுக்குப் போற புள்ளகிட்ட போயி எனக்கு எழுத வராதுன்னு பொலம்பணுமா? உனக்குத் தெரியாததா அது?" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனாள்.

பாசேஜில் வந்த ஊர் எங்கள் ஊர்தானா என்று தெரியாது. வேறு ஊராக இருக்கலாம், அங்கே வேறு காரணம் இருந்திருக்கலாம். தெரியாது என்பதுதான் அந்தப் பெண் எழுதிய பதில்.

திரும்பி வரும்போது கொள்ளிடத்தில் தண்ணீர் இல்லை. மணல்தான் வெள்ளையாகக் கிடந்தது. புதன்கிழமை வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். எப்படிச் சொல்வது என்று பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்தேன்.

வகுப்பில் சொல்லவில்லை. பின் பெஞ்சைப் பார்த்ததும் புத்தகத்தைத் திறந்து பாடத்தை ஆரம்பித்துவிட்டேன். வகுப்பு முடிந்து வராந்தாவில் அவளைக் கூப்பிட்டேன்.

"அந்தக் களத்துக் கேள்விக்கு நீ எழுதினது சரிம்மா. நான்தான் தப்பாப் போட்டுட்டேன். அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

என் அம்மா சொன்னதையும் சொன்னேன். வேகமாக, அங்கங்கே தடுக்கி. அவள் பையின் வாரைப் பிடித்தபடி கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"பரவால்ல சார்," என்றாள். பிறகு, "செமஸ்டர்ல இந்த மாதிரி வந்தா எத எழுதணும் சார்?"

"செமஸ்டர்லயா?" என்றேன்.

"இல்ல சார், அந்தப் பேப்பர வேற யாரோதானே திருத்துவாங்க. எனக்கு ஒரு அரியர்கூட விழக் கூடாது. விழுந்தா அதோட நிறுத்திக்கலாம்னு வீட்ல பெரியப்பா சொல்லிட்டாரு. அதான் கேக்கறேன்."

அவள் கேட்டதில் குத்தல் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல் கேட்டாள். நான் யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். நீ நினைக்கிறதை எழுது என்று சொல்லலாம். எழுதி, எவரோ வட்டம் போட்டு, அவள் படிப்பு நின்றால்? என் மனசாட்சியைக் கழுவ அவள் தாளையா கேட்பது?

"பாசேஜ்ல இருக்கறதையே எழுதிடும்மா," என்றேன்.

"சரி சார். தேங்க்ஸ் சார்."

படியிறங்கிப் போனாள். நான் சொன்னது அவளைக் காப்பாற்றுகிற பதில் என்று இன்றைக்கும் என்னால் வாதாட முடியும். வாதாடித்தான் பார்க்கிறேன்.

அதற்குப் பிறகு வகுப்பை இரண்டாகப் பிரித்தேன். முதல் முக்கால் மணி பேனாவை மூடச் சொல்வேன். ஒரு பாசேஜைப் படித்து, இதைச் சொல்வது யார், இதில் வாய் திறக்காதவர் யார், அவரைக் கேட்டால் என்ன சொல்வார் என்று மட்டும் பேசுவோம். மதிப்பெண் கிடையாது. முதலில் யாரும் பேசவில்லை. மூன்றாவது வாரம், பின் பெஞ்சுக்காரன் ஒரு பேருந்துக் கட்டண அறிவிப்பைப் படித்துவிட்டு, "சார், இதுல கண்டக்டரையே காணோமே," என்றான். அவன் அப்பா கண்டக்டர் என்று அப்போதுதான் தெரிந்தது. அன்றைக்கு மணி அடித்தும் பேசினார்கள். மற்ற நாட்களில் கடைசிக் கால் மணி நேரம் பழைய மூன்று கட்டம். பரீட்சைக்கு. அவள் அந்தக் கால் மணியில் மட்டும் பேனாவைத் திறப்பாள். முக்கால் மணியில் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை.

செமஸ்டர் முடிந்ததும் விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு என்னை அனுப்பினார்கள். நீண்ட கூடம், வரிசையாக மேசைகள். பெயர், பதிவெண் எதுவும் இல்லாத தாள்கள். எந்த ஊர்க் கல்லூரியின் கட்டு யாருக்கு வரும் என்று தெரியாது. முதல் நாள் காலையில் தலைமைத் தேர்வாளர் விடைக்குறிப்பை வாசித்தார். பாசேஜ் கேள்வி இந்தத் தடவை ஒரு மலையோரக் கிராமத்தைப் பற்றியது. மக்கள் புதிய சாலையை எதிர்த்தார்கள், ஏன்? வளர்ச்சியை விரும்பாததால். வாசித்துவிட்டு, "யாருக்காவது இதுல ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார்.

எனக்கு இருந்தது. பாசேஜில் அதைச் சொன்னவர் சாலைப் பொறியாளர். கை மேசைக்குக் கீழேயே இருந்தது. அங்கே இருந்தவர்களில் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டேன். அது உண்மையில்லை என்று மறுநாள் சாப்பாட்டில் தெரிந்தது. பாதிப் பேர் என்னைப் போல்தான்.

தாள் தாளாக ஒரே வரி. வளர்ச்சியை விரும்பாததால். வளர்ச்சியை விரும்பாததால். ஒவ்வொரு தாளிலும் நான் கையெழுத்தைத்தான் முதலில் பார்த்தேன். அவளுடையது இடது பக்கம் சாய்ந்த, சின்னச் சின்ன எழுத்து. அது வந்துவிடக் கூடாது என்றும், வர வேண்டும் என்றும் இருந்தது.

இரண்டாம் நாள் மதியம் ஒரு தாள் வந்தது. எழுத்து பெரியது, நேரானது. நிச்சயமாக அவளுடையது இல்லை. அந்தக் கேள்விக்கு மூன்று வரி எழுதி, ஸ்கேல் வைத்து ஒவ்வொரு வரியாக அடித்திருந்தது. கீழே புதிதாக, வளர்ச்சியை விரும்பாததால். அடித்த கோடுகளுக்கு அடியில் இருந்ததைப் படிக்க முடிந்தது. 'பொறியாளர் அப்படிச் சொல்கிறார். ஆனால் சாலை யாருடைய வயல் வழியாக' என்று ஆரம்பித்து, அங்கேயே நின்றிருந்தது.

தாளை எடுத்துக்கொண்டு தலைமைத் தேர்வாளரிடம் போனேன்.

"சார், இந்தக் கேள்விக்கு வேற மாதிரி பதிலையும் ஏத்துக்கலாமா?"

வாங்கிப் பார்த்தார். "அடிச்சதுக்கு மார்க் கெடையாதே சார். கீழ சரியாத்தான எழுதியிருக்கு? ரெண்டு போட்டுடுங்க."

"இல்ல சார், விடைக்குறிப்புல இதையும் சேத்துக்கலாமான்னு..."

"எத்தன பேப்பர் பாத்தீங்க இதுவரைக்கும்?"

"நூத்துக்கு மேல சார்."

"அதுல எத்தன பேரு இப்படி எழுதியிருக்காங்க?"

"இது ஒண்ணுதான். அதையும் அடிச்சிருக்கு."

"பாத்தீங்களா? யாருமே எழுதாத பதிலுக்கு எதுக்கு சார் குறிப்ப மாத்தணும்?" அன்பாகத்தான் சொன்னார். "டீ வந்துருச்சு, குடிச்சுட்டு வாங்க."

என் மேசைக்கு வந்து இரண்டு போட்டேன். முழு மதிப்பெண். அந்தப் பிள்ளை எந்த ஊர், ஆணா பெண்ணா, தெரியாது. அதற்கும் ஒரு வராந்தாவில் யாரோ ஒருவர், நல்ல எண்ணத்தோடு, பாசேஜில் இருப்பதையே எழுதிடு என்று சொல்லியிருக்கிறார்.

ரிசல்ட் வந்த அன்று சத்திரத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஃபோனில் அவளுடைய மெசேஜ். 'சார், ஆல் பாஸ். நம்ம பேப்பர்லதான் ஹையஸ்ட். நீங்க சொன்ன மாதிரியே எழுதினேன் சார். வீட்ல மூணாவது வருஷ ஃபீஸ் கட்ட ஒத்துக்கிட்டாங்க. ரொம்ப தேங்க்ஸ்.'

வாழ்த்துகள்மா என்று அனுப்பினேன். சந்தோஷமாகவும் இருந்தது, பொய்யில்லை. இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு, இன்னொன்றும் அனுப்பினேன். 'அந்த சாலைக் கேள்விக்கு, நீயா எழுதியிருந்தா என்ன எழுதியிருப்ப?'

அவள் டைப் செய்கிறாள் என்று மேலே காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. வெயிலில் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றேன். மூன்றாவது தடவையும் காட்டி நின்ற பிறகு பதில் வந்தது.

'தெரியல சார். அப்படி நான் யோசிக்கல.'